வணக்கம் கடமைக்குத் திரையாகலாமா?



தாம்பரத்திலிருந்து கடற்கரை செல்லும் மின்சார ரயிலில், கூட்ட நெரிசலிலும் தஸ்பீஹ் மணியை உருட்டியவாறு அமர்ந்திருக்கும் சகோதரர்களைக் கண்டிருப்பீர்கள். உள்ளத்திற்கு இதமளிக்கும் காட்சி அது. ஆயினும் அவர்களுள் ஒருவர், கடன் கொடுத்தவர் வீட்டுக் கதவைத் தட்டும் நேரமறிந்து பள்ளிவாசலிலேயே தங்கிவிடுபவராக இருந்தால்? மனைவியிடம் பேசித் தீர்க்க வேண்டிய பிணக்கை நஃபில் தொழுகையால் தள்ளிப்போடுபவராக இருந்தால்? அவர் இறைவனை நோக்கி நடக்கிறாரா? இல்லத்தை விட்டு ஓடுகிறாரா?

ஹஜ்ரத் அபூதர்தா (ரலி) அவர்கள் பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாக இருந்தார்கள். அவர்களைக் காண வந்த ஸல்மான் பார்ஸி (ரலி) அவர்களின் கண்ணில் முதலில் பட்டது, அவ்வில்லத்து அம்மையாரின் நைந்த கோலமே. நண்பரை உணவருந்தச் செய்தார்கள், உறங்கச் செய்தார்கள், இரவின் கடைசிப் பகுதியில் இருவரும் சேர்ந்து தொழுதார்கள். இறைவனுக்கு உரிமை உண்டு, உம் உடலுக்கும் குடும்பத்திற்கும் உரிமை உண்டு என்று எடுத்துரைத்தார்கள். ஸல்மான் சொன்னது உண்மையே என நாயகம் (ஸல்) அவர்கள் உறுதிப்படுத்தியதாக புகாரி ஷரீபில் காண்கிறோம்.

கடன் பாக்கியோடு இறந்த ஒருவரின் ஜனாஸாவைத் தாமே நின்று தொழ வைக்க நாயகம் (ஸல்) அவர்கள் முன்வரவில்லை. அபூகதாதா (ரலி) அவர்கள் அக்கடனை ஏற்றுக்கொண்ட பின்னரே தொழ வைத்தார்கள்.

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் நடந்ததை மறக்க இயலுமா? தனியார் காப்பகம் ஒன்றின் கீற்றுக் கொட்டகையில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகளுள் 28 பேர் தீக்கிரையாயினர். தர்காவில் துஆக் கேட்பது வேறு. வீட்டில் வைத்துப் பார்க்கவும் மருத்துவரிடம் காட்டவும் மனமின்றி, நேர்ச்சையின் பெயரால் விட்டுச் செல்வது வேறு. மனநோயாளிகளைச் சங்கிலியில் பிணைப்பதை 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டமும் தடுத்துள்ளது.

நமது தாம்பரத்தையே பாருங்கள். டாக்டர் சவுரிமுத்து 1928இல் தொடங்கிய காசநோய் சானடோரியம் இன்று அரசு மருத்துவமனையாக நிற்கிறது. பெரும்பாலும் ஆறு மாத மருந்தில் தீரும் அந்நோயை, மகளின் நிக்காஹ் தடைப்படுமே என்றஞ்சி மறைத்து, தாயத்தோடு நிறுத்திக்கொள்வது தவக்குல் ஆகாது. மருந்து செய்துகொள்ளுங்கள் எனப் பணித்ததும் நம் நாயகமே அன்றோ? ஓதிய நீரைப் பருகுங்கள், மாத்திரையையும் விழுங்குங்கள்.

இன்று ஜும்ஆ முடிந்ததும் ஒன்று செய்வீர்களாக. நீங்கள் ஒதுக்கி வைத்திருக்கும் ஒரே ஒரு காரியத்தின் முன் சென்று நில்லுங்கள். கடன் கொடுத்தவரிடம் தவணை கேளுங்கள். முறைத்துக்கொண்ட தம்பிக்கு முதல் ஸலாம் சொல்லுங்கள். நோயுற்றவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். போகுமுன் இரண்டு ரக்அத் தொழுதுவிட்டுச் செல்லுங்கள். அத்தொழுகை உங்களை ஒளித்து வைக்காது. துணிவு தந்து அனுப்பி வைக்கும்.

வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் அத்துணிவை நல்குவானாக! ஆமீன்.