தொப்பி துடைத்த பையன் தலைவர் ஆனார்!

ஆபீசில் எடுபிடியாகச் சேர்ந்தவர் அந்த ஆபீசுக்கே தலைவர் ஆக முடியுமா? ஆகியிருக்கிறார் ஒருவர்!

பெயர் சிட்னி வெயின்பெர்க். நியூயார்க்காரர். கம்பெனிப் பங்குகளை விற்றுக் கொடுக்கும் ‘கோல்ட்மேன் சாக்ஸ்’ நிறுவனத்தில் 1907-ம் ஆண்டு சேர்ந்தார். பள்ளிப் படிப்பைக்கூட முடிக்கவில்லை. முதலாளிகளின் தொப்பியைத் துடைப்பதும் அவர் வேலை!

முதலாளி வீட்டுப் பேரன் பால் சாக்ஸ் அவரைத் தபால் பிரிவுக்கு மாற்றினார். பையன் அந்தப் பிரிவையே சீர் செய்துவிட்டான்! கையெழுத்து திருந்த வணிகப் பள்ளிக்கும் அனுப்பினார் சாக்ஸ்.

பிறகு பங்கு வியாபாரம். 1927-ல் கூட்டாளி. 1930-ல் தலைவர்! 1956-ல் போர்டு கார் கம்பெனி பங்குகள் முதன்முதலாகப் பொதுமக்களுக்கு விற்பனையானபோது முன்னின்றவரும் இவரே. தொகை சுமார் 65 கோடி டாலர்!

உழைப்பு அவருடையது. அதைக் கண்டுகொள்ள ஒரு சாக்ஸ் இருந்தார். உங்க ஆபீஸ் தபால் பையனையும் கொஞ்சம் கவனிங்க சார்!