குறட்டைக்கு ‘கத்தியில்லா’ சிகிச்சை: யாருக்குப் பலன் தரும்?

“படுத்ததும் குறட்டை விட்டுத் தூங்குறாரு, அவருக்கென்ன குறைச்சல்?” இலுப்பூர் போன்ற ஊர்களில் இப்படிச் சொல்வது சகஜம். குறட்டை என்றால் நிம்மதியான தூக்கம் என்ற நம்பிக்கை இன்னும் போகவில்லை. மறுபக்கம், ‘கத்தி இல்லை, தையல் இல்லை, அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம்’ என்கிற சிகிச்சைகளும் வந்துவிட்டன. இரண்டையுமே அப்படியே நம்பிவிடக் கூடாது.

குறட்டை ஏன் வருகிறது?

தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளரும். மேல்வாயின் பின்பக்கம் இருக்கும் மெல்லிய சதையும் உள்நாக்கும் தொய்ந்து, மூச்சு போகிற வழி குறுகும். அதில் காற்று நுழையும்போது சதை அதிரும் ஓசைதான் குறட்டை. உடல் பருமன், மூக்கடைப்பு, வீங்கிய டான்சில், மது, மல்லாந்து படுப்பது எல்லாம் அதைக் கூட்டும்.

எப்போது அது நோய்?

வழி அடைத்தே போனால் மூச்சு 10 விநாடி, அதற்கு மேலும்கூட நிற்கும். ரத்தத்தில் ஆக்சிஜன் குறையும். மூளை உசுப்பிவிட, திணறி மூச்சை இழுப்பார். இதுதான் ‘ஸ்லீப் ஆப்னியா’. மூச்சு நிற்பதும் குறைவதுமாக மணிக்கு 5 முறைக்கு மேல் நடந்தால் தொடக்க நிலை. 30-ஐத் தாண்டினால் தீவிரம். ரத்தக்கொதிப்பு, இதய நோய், பக்கவாதம் ஆகியவற்றுக்கான வாய்ப்பை இது கூட்டும். பகலில் தூக்கம் சொக்குவதால் வண்டி ஓட்டுவோருக்கு விபத்து அபாயமும் உண்டு. 2022 பிப்ரவரியில் இசையமைப்பாளர் பப்பி லஹிரி இறந்தபோது மருத்துவர்கள் சொன்ன காரணமும் இதுதான். இந்தியாவில் பெரியவர்களில் சுமார் 11 சதவீதம் பேருக்கு இது இருப்பதாக எய்ம்ஸ் மருத்துவர்கள் 2023-ல் வெளியிட்ட ஆய்வு மதிப்பிட்டது.

சிறு சிகிச்சையில் என்ன செய்வார்கள்?

ரேடியோ அலை சிகிச்சையில், மேல்வாயை ஊசி போட்டு மரத்துப்போக வைத்து, மெல்லிய முனையைச் சதைக்குள் செலுத்திச் சூடேற்றுவார்கள். சில வாரங்களில் சதை சுருங்கி விறைப்பாகி, அதிர்வு குறையும். ஒன்றுக்கு மேற்பட்ட முறை செய்ய வேண்டிவரலாம். நாளடைவில் குறட்டை திரும்பவும் வரலாம். லேசரால் உள்நாக்கையும் அதை ஒட்டிய சதையையும் குறைக்கும் முறையும் உண்டு. ஆனால், ஸ்லீப் ஆப்னியாவுக்கு லேசர் முறையை அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி பரிந்துரைக்கவில்லை.

ஓசை நின்றால் போதுமா?

போதாது. வெறும் குறட்டை மட்டும் இருப்பவருக்கு இந்தச் சிகிச்சை கைகொடுக்கலாம். ஸ்லீப் ஆப்னியா இருப்பவருக்கோ சத்தம் அடங்கிய பிறகும் அடைப்பு தொடரலாம். எச்சரிக்கை மணியை மட்டும் அணைத்த கதைதான். ஆகவே, முதலில் தூக்கப் பரிசோதனை அவசியம். விரலிலும் மார்பிலும் கருவி மாட்டி ஓர் இரவு முழுக்க மூச்சையும் ஆக்சிஜனையும் பதிவுசெய்வார்கள். தீவிர நிலைக்கு, முகமூடி வழியாகக் காற்றழுத்தம் தரும் ‘சிபாப்’ கருவியே முதல் சிகிச்சை. 1981-ல் ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் அறிமுகப்படுத்தியது இது.

எங்கே தொடங்குவது?

எடையைக் குறைப்பது, ஒருக்களித்துப் படுப்பது, மதுவை விடுவது ஆகியவை செலவில்லாத முதல் படி. “நடுவுல மூச்சு நின்னு நின்னு வருது” என்று வீட்டில் யாராவது சொன்னால் தள்ளிப்போடக் கூடாது. இலுப்பூர்க்காரர்கள் புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரியிலோ திருச்சியிலோ காது-மூக்கு-தொண்டை மருத்துவரைப் பார்க்கலாம். போகும்முன், தூங்கும்போது செல்போனில் சில நிமிடம் வீடியோ எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. தூங்குபவருக்குத் தெரியாததை அது மருத்துவருக்குக் காட்டும்.