போர்ட்டிக்சன் போகும் வழி யாருக்கு?

சிரம்பானை அடுத்த மம்பாவில் ஏறினால் போர்ட்டிக்சன் போய்ச் சேர அதிக நேரம் ஆகாது. ஈ29 என்ற எண்ணைத் தாங்கிய சிரம்பான் – போர்ட்டிக்சன் நெடுஞ்சாலையின் நீளமே சுமார் 23 கிலோமீட்டர்தான். 1990களின் பிற்பகுதியில் திறக்கப்பட்ட இந்தச் சாலை, பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளோடு கடலுக்குப் போகும் கோலாலம்பூர்க் குடும்பங்களுக்கு நன்கு பழக்கம். வழிநெடுகக் கண்ணில் படும் செம்பனைக்குப் பின்னால் மூன்று, நான்கு தலைமுறைத் தமிழர்கள் உழைத்த தோட்டங்கள் இருக்கின்றன. அந்த மக்களுக்கு இந்த வழித்தடம் என்ன செய்தது, இனி என்ன செய்யப்போகிறது என்பதை இப்போதே கேட்டாக வேண்டும்.

ஆற்றில் தொடங்கிய வசூல்

சாலைக்கும் தண்டவாளத்துக்கும் முன்பு இங்கே ஆறுதான் வழி. சிரம்பானைச் சுற்றிய சுங்கை ஊஜோங் பகுதிச் சுரங்கங்களின் ஈயம் லிங்கி ஆற்றில் படகேறி மலாக்கா நீரிணைக்குப் போனது. கரையோரத் தலைவர்கள் ஆங்காங்கே அரண் கட்டிப் படகுகளை மறித்து வழிவரி வசூலித்தார்கள். மலாக்கா வணிகர்கள் பிரிட்டிஷாரிடம் முறையிட்டார்கள். 1874இல் ஆளுநர் சர் ஆண்ட்ரூ கிளார்க் நேரிலேயே வந்து புக்கிட் தீகா அரணை அகற்ற வைத்தார். சுங்கை ஊஜோங் பிரிட்டிஷ் பிடிக்குள் வந்த கதையில் இந்த ஆற்று வரித் தகராறுக்குப் பெரிய பங்கு உண்டு.

அடுத்து வந்தவர்கள் காப்பித் துரைமார்கள். இலங்கையில் தோட்டத் தொழில் பார்த்துவிட்டு மலாயாவுக்கு வந்த ஹெஸ்லப் ஹில், ஆம்புரோஸ் ராத்போர்ன் இருவரும் லின்சம் தோட்டத்தில் காப்பி பயிரிட்டார்கள். சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சன் துறைமுகத்துக்கு ரயில் பாதை போடும் உரிமையும் இவர்களது நிறுவனத்துக்கே கிடைத்தது. தைப்பிங் – போர்ட் வெல்ட் பாதை 1885இலும், கோலாலம்பூர் – கிள்ளான் பாதை 1886இலும் ஓடத் தொடங்கியிருந்தன. சுமார் 39 கிலோமீட்டர் நீளமுள்ள சுங்கை ஊஜோங் ரயில் 1891இல் அந்த வரிசையில் சேர்ந்தது. முந்தைய இரண்டும் அரசாங்கத்தின் பாதைகள். இது தனியார் பாதை.

காப்பி விலை சரிந்ததும் ரப்பர் வந்தது, ரப்பரோடு கங்காணிமார் வழியாகத் தமிழகத்து மக்கள் வந்தார்கள். விடியலுக்கு முன்பே பெரட்டு, இருட்டு கலையுமுன் பால் வெட்டு, வெயில் ஏறும் நேரத்தில் வாளிப் பாலைத் தூக்கி வந்து நிறுவை. பாலில் அமிலம் கலந்து உறைய வைத்து, உருளைகளில் அழுத்தித் தகடாக்கி, புகைக்கூடத்தில் நாள் கணக்கில் உலர்த்தி, மூட்டை கட்டி ஏற்றுமதிக்கு அனுப்பினார்கள். தோட்டங்களுக்கு நடுவே வளைந்து சென்ற பாதையில் சிலியாவ் போன்ற சிற்றூரிலும் ரயில் நின்றது. சரக்கு ஏறிய அதே இடத்தில் ஆட்களும் ஏற முடிந்தது. தோட்டத்து மக்களுக்கு அந்த ரயிலால் கிடைத்த பெரிய நன்மை இதுதான்.

பாதையின் தலையெழுத்து மாற அதிக நாள் ஆகவில்லை. 1901இல் போர்ட் ஸ்வெட்டன்ஹாம் திறக்கப்பட்டது. 1903இல் வடக்கிலிருந்து வந்த முதன்மை ரயில் பாதை சிரம்பானை எட்டியது. பெரிய துறைமுகத்தை நோக்கிச் சரக்கு திரும்ப, போர்ட்டிக்சன் பின்தங்கியது. 1908இல் மலாய்க் கூட்டு மாநிலங்களின் அரசு இந்தப் பாதையை வாங்கிக்கொண்டது. 1960களில் போர்ட்டிக்சனில் எழுந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளால் பாதைக்கு இன்னொரு வாழ்வு கிடைத்தது. பயணிகள் வண்டி நின்ற பிறகும் எண்ணெய் வண்டிகள் ஓடின. பிறகு அவையும் நின்றுவிட்டன.

தோட்டத்தைத் தாண்டிச் செல்லும் சாலை

நெடுஞ்சாலையின் அமைப்பே வேறு. இருபுறமும் வேலி, குறிப்பிட்ட சந்திப்புகளில் மட்டுமே ஏறலாம், இறங்கலாம். வேகத்துக்கு அது அவசியம்தான். ஆனால் லயத்து வாசலிலிருந்து கண்ணுக்குத் தெரியும் சாலையில் ஏறுவதற்குப் பல கிலோமீட்டர் சுற்ற வேண்டும். மோட்டார் சைக்கிளுக்கு டோல் கிடையாது என்பது உண்மையிலேயே பெரிய உதவி. ஆனால் சிறுநீரகச் சிகிச்சைக்காகச் சிரம்பான் துவாங்கு ஜாபார் மருத்துவமனைக்குப் போக வேண்டிய மூதாட்டியை மோட்டாரின் பின்னால் உட்கார வைத்து எத்தனை நாள் அழைத்துப் போக முடியும்? சொந்தக் கார் இல்லாத வீட்டுக்குப் பழைய 53ஆம் எண் கூட்டரசுச் சாலைதான் இன்றும் கதி.

2018 பொதுத் தேர்தலில் டோல் கட்டணத்தைப் படிப்படியாக ஒழிப்போம் என்று பக்காத்தான் ஹராப்பான் வாக்குறுதி தந்தது. 2020 பிப்ரவரி 1 முதல் பிளஸ் நிறுவனத்தின் நெடுஞ்சாலைகளில் கட்டணம் 18 விழுக்காடு குறைந்தது. இந்தச் சாலையும் அவற்றுள் ஒன்று. அதற்கு ஈடாக, 2038இல் முடியவேண்டிய வசூல் உரிமை 2058 வரை நீட்டிக்கப்பட்டது. 2020இல் முதலாம் வகுப்பில் சேர்ந்த தோட்டத்துப் பிள்ளைக்கு அந்த ஒப்பந்தம் முடியும்போது 45 வயதாகியிருக்கும்.

அதற்குள் இந்த வட்டாரமே அடையாளம் மாறிவிடும். சிரம்பான் 2, பண்டார் ஸ்ரீ செண்டாயான் ஆகிய புதுநகரங்கள் தோட்ட நிலத்தில் எழுந்தவை. சிரம்பான், போர்ட்டிக்சன் மாவட்டங்களைத் தழுவிய மலேசியா விஷன் வேலி 2.0 திட்டம் 2018 டிசம்பரில் தொடங்கி வைக்கப்பட்டது. அதன் பரப்பு ஒன்றரை லட்சம் ஹெக்டேருக்கு மேல். கோலாலம்பூர் – சிங்கப்பூர் அதிவேக ரயில் லாபுவில் நிற்கும் என்ற நம்பிக்கையும் அதோடு சேர்ந்திருந்தது. 2021 ஜனவரி 1 அன்று இரு நாடுகளும் அந்த ரயில் திட்டம் முடிவுக்கு வந்ததாக அறிவித்தன. பிறகு தனியார் முதலீட்டில் அதை மீட்கும் பேச்சு எழுந்தது. எது நடக்கும், எப்போது நடக்கும் என்று தெரியாத நிலையில் தோட்ட நிலத்தின் விலை மட்டும் ஏறுகிறது. வேலை போனால் வீடும் போய்விடும் என்ற பழைய அச்சம் லயத்தை விட்டு இன்னும் அகலவில்லை.

கேட்க வேண்டியதைக் கேட்போம்

பழைய போர்ட்டிக்சன் ரயிலை மீண்டும் ஓடவிட வேண்டும் என்ற யோசனை அவ்வப்போது எழுகிறது. சுற்றுலாவே அதற்குப் பெரும்பாலும் சொல்லப்படும் காரணம். அந்த யோசனையை நாம் முழு மனதோடு ஆதரிக்க வேண்டும், ஒரு நிபந்தனையோடு. வார இறுதி உல்லாச வண்டியாக மட்டும் அது அமையக்கூடாது. காலையில் பள்ளிக்கும் வேலைக்கும், பகலில் மருத்துவமனைக்கும் போய்வர ஏற்ற நேரத்தில், மம்பாவ், சிலியாவ் போன்ற இடங்களில் நின்று செல்லும் அன்றாட வண்டி வேண்டும். சிரம்பானுக்கு 1995 முதல் மின்சாரக் கம்யூட்டர் ஓடுகிறது. போர்ட்டிக்சன் கிளை அதோடு இணைந்தால், தோட்டத்துப் பிள்ளை வீட்டிலிருந்தபடியே கோலாலம்பூரில் படிக்கலாம், வேலைக்கும் போய்வரலாம்.

ரயில் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. லின்சம், பிராட்வால் போன்ற தோட்டங்களின் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளிகளைத் தொட்டு, பழைய சாலை வழியாக ஓடும் சிறு பேருந்துகளை மாநில அரசு நினைத்தால் விரைவில் விட முடியும். எல்லாவற்றுக்கும் முதலில் செய்ய வேண்டியது பழைய ரயில் நிலத்தைக் காப்பது. ரயில்வே சொத்துகள் அரசுக் கழகத்தின் பொறுப்பில் உள்ளவை. அந்த ஒடுங்கிய நிலத்தில் ஒருமுறை வீடும் கடையும் எழுந்துவிட்டால் பிறகு எவ்வளவு பணம் கொட்டினாலும் பாதை திரும்பாது. சட்டமன்ற உறுப்பினர்களும் தோட்டத் தலைவர்களும் பள்ளி வாரியங்களும் ஒன்றுகூடி, அந்த நிலத்தைப் பொதுப் போக்குவரத்துக்கென்றே ஒதுக்கி வைக்கும்படி எழுத்துமூலம் கேட்க வேண்டும். அடுத்த திட்டத்தின் வரைபடம் தயாராகும்போது, நிறுத்தங்கள் எங்கே என்று முடிவு செய்யும் மேசையில் தோட்டத்து மக்களும் உட்கார்ந்திருக்க வேண்டும்.