திருப்பும்போது சில்லில் சத்தமா?
பிக்கப் வாகனம் பாவிப்போருக்குச் சில குறிப்புகள்

சொந்தக் காணியை விட்டு வேறிடத்தில் இருந்து பயிர் செய்யும் குடும்பங்களுக்குப் பழைய பிக்கப் வாகனம் ஒன்று பெரும் துணை. பசளை கொண்டு போவதும், வெங்காயத்தைச் சந்தைக்கு ஏற்றுவதும், அவசரத்துக்கு நோயாளியை ஆஸ்பத்திரியில் சேர்ப்பதும் அதுவே. பல குடும்பங்கள் ஒரே வாகனத்தை நம்பியிருப்பதும் உண்டு.

அந்த வாகனத்தைத் திருப்பும்போது முன்பக்கத்தில் ‘டிக், டிக்’ என்று சத்தம் கேட்டால், சிலர் பேசாமல் விட்டுவிடுகின்றனர். வேறு சிலர் பெருந்தொகை கொடுத்து, பழுதாகாத பாகத்தையும் மாற்றிவிடுகின்றனர். முன்னது உயிருக்கு ஆபத்து. பின்னது பணத்துக்கு நட்டம். சத்தம் எப்போது, எங்கிருந்து வருகிறது என்பதை நாமே ஓரளவு கண்டறியலாம்.

முதலில் பார்க்க வேண்டியவை

சில்லின் நட்டுக்களைப் பாருங்கள். ரயர் ஒட்டிப் பூட்டிய பின் அவை இளகுவதுண்டு. ஒன்றுக்கு எதிரே உள்ளதை அடுத்ததாக இறுக்கும் முறையில் எல்லாவற்றையும் இறுக்குங்கள். 50 முதல் 100 கிலோமீற்றர் ஓடிய பின் மீண்டும் ஒருமுறை பாருங்கள். ரயரின் பள்ளங்களில் கல் சிக்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். இவற்றுக்குச் செலவே இல்லை.

ஓடும்போது ‘டிக், டிக், டிக்’

சில்லு உருளும் வேகத்துக்கு ஏற்பச் சத்தமும் கூடிக் குறைந்தால், அது சுழலும் பாகம் ஒன்றிலிருந்து வருகிறது. இங்கே ஒரு வேறுபாட்டை அறிய வேண்டும். பின்சில்லுகளுக்கு மட்டும் இயந்திர விசை செல்லும் பிக்கப்பில், முன்சில்லுகளுக்குச் சுழலும் தண்டு கிடையாது. எனவே அதில் ‘சி.வி. ஜொயின்ற் போய்விட்டது’ என்று யாரும் சொன்னால் நம்ப வேண்டாம். சில்லுப் பெயாரிங்கையும் பிறேக் பாகங்களையும் பார்க்கச் சொல்லுங்கள்.

நான்கு சில்லுகளுக்கும் விசை செல்லும் பிக்கப்பில் சி.வி. ஜொயின்ற் உண்டு. அதனுள் பள்ளங்களில் ஓடும் ஆறு உருக்குக் குண்டுகள் இருக்கும். இதை மூடியிருக்கும் றபர் உறை கிழிந்தால் கிறீஸ் வெளியேறும்; மணலும் நீரும் உட்புகும். பள்ளங்கள் தேய்ந்து, திருப்பும்போது குண்டுகள் தட்டும்.

இதைச் சோதிக்க, மணல் தரையில் ‘ஃபோர் வீல்’ போட்டு, மிக மெதுவாக ஒருமுறை வலப்புறமும் ஒருமுறை இடப்புறமும் திருப்பி ஓட்டுங்கள். தார் வீதியில் இதைச் செய்யக்கூடாது. கையால் பூட்டும் ஹப் இருந்தால், அடுத்ததாக ‘ஃபோர் வீலை’ எடுத்துவிட்டு ஹப்பையும் கழற்றிய நிலையில் ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றால் பழுது பெரும்பாலும் இந்த மூட்டில்தான். வலப்புறம் திருப்பும்போது சத்தம் கூடினால் இடப்பக்க மூட்டையும், இடப்புறம் என்றால் வலப்பக்க மூட்டையும் முதலில் பாருங்கள்.

உறை கிழிந்தும் சத்தம் தொடங்காவிட்டால், மூட்டைக் கழுவி, மொலிப்டினம் கலந்த கருங்கிறீஸ் இட்டு, புதிய உறை பூட்டினால் போதும். சத்தம் தொடங்கிவிட்டால் கிறீஸ் அதைக் குணமாக்காது. மூட்டை மாற்ற வேண்டும். சில பழைய மாதிரிகளில் உறை இல்லாமல் மூட்டு இரும்புக் கோளத்துக்குள் இருக்கும். கோளத்தின் மேல் நீர்த்த கிறீஸ் வழிந்தால் உள் சீல் பழுது என்று கொள்ளலாம்.

நிற்கும்போதும் ‘டொக்’

வாகனம் நிற்கும்போதே சுக்கானைத் திருப்ப ‘டொக்’ என்று கேட்டால், போல் ஜொயின்ற், ரை றொட் என்ட் போன்றவற்றைச் சந்தேகிக்க வேண்டும். இதைச் சோதிக்க இருவர் தேவை.

1. பின்சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். மணல் தரையாயின் ஜக்கின் கீழ் தடித்த பலகை இடுங்கள். சில்லை உயர்த்தியதும் சட்டத்தின் கீழ் உறுதியான மரக்குற்றி வையுங்கள். கல்லோ சீமெந்துக் கல்லோ வேண்டாம். அவை திடீரென உடையும். ஜக்கை மட்டும் நம்பி வாகனத்தின் கீழ் போகவே கூடாது.

2. சில்லை இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டுங்கள். தளர்வு இருந்தால் ரை றொட் என்ட்டைப் பாருங்கள்.

3. மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். தளர்வு தெரிந்தால் மற்றவரைப் பிறேக்கை மிதிக்கச் சொல்லி மீண்டும் ஆட்டுங்கள். தளர்வு மறைந்தால் பெயாரிங். மறையாவிட்டால் போல் ஜொயின்ற்.

பெயாரிங்கைக் கழுவி, கிறீஸ் இட்டு, சரியான அளவுக்கு இறுக்கினால் சில வேளை போதும். போல் ஜொயின்ற் அப்படியல்ல. அது கழன்றால் சில்லு மடிந்து விழும். சாரதியால் எதுவும் செய்ய முடியாது. அதில் தளர்வு கண்ட வாகனத்தில் ஆட்களை ஏற்ற வேண்டாம். சந்தை நாள் தவறினாலும் பரவாயில்லை, வாகனத்தை நிறுத்துங்கள்.

பாகம் வாங்கும்போது

சி.வி. ஜொயின்றைப் பாவித்த பாகமாக வாங்கலாம். மடக்கிச் சுழற்றிப் பார்த்து, தட்டாமல் ஓடுகிறதா என்று அறிந்து வாங்குங்கள். போல் ஜொயின்ற்றும் ரை றொட் என்ட்டும் புதிதாகவே இருக்க வேண்டும். அவற்றை ஒட்டவைத்துப் பாவிப்பது உயிரோடு விளையாடுவதாகும். அவற்றின் நட்டில் பழைய பின்னை மீண்டும் போடாமல் புதிய பின் போடச் சொல்லுங்கள். ரை றொட் என்ட் மாற்றினால் சில்லுகளின் நேர்த்தியையும் சரிபார்க்க வேண்டும்; இல்லையேல் ரயர் ஒருபக்கமாகத் தேயும்.

மாதம் ஒருமுறை, சேற்று வயலில் ஓடிய பின்பும், வாகனத்தின் கீழே குனிந்து றபர் உறைகளைப் பாருங்கள். கிழிந்த உறையை உடன் மாற்றினால் மூட்டு தப்பும். பலர் சேர்ந்து பாவிக்கும் வாகனமாயின், இதைப் பார்க்கும் பொறுப்பை ஒருவரிடம் கொடுங்கள். எல்லோருக்கும் உரியது என்று விட்டால் எவரும் பார்ப்பதில்லை.