எக்ஸ் வந்தால் என்ன செய்வீர்கள்?

போன வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் மிஸ் வார்த்தை விளையாட்டு வைத்தார்கள். முடிகிற எழுத்தில் அடுத்த டீம் தொடங்க வேண்டும். எதிர் டீம் 'பாக்ஸ்' என்றது. நாங்கள் 'எக்ஸ்ரே' என்றோம். அப்புறம் 'ஃபாக்ஸ்' வந்தது, 'எக்ஸ்மஸ்' என்று தப்பித்தோம். மூன்றாவதாக 'ஆக்ஸ்'! மிஸ் பத்து எண்ணி முடிச்சுட்டாங்க. அவுட்.

அந்தக் கோபத்தில் நூலகத்துக்குப் போய் டிக்‌ஷனரியைப் புரட்டினேன். எக்ஸ் பகுதி இரண்டு பக்கம்கூட இல்லை. ஆனால் அதில் பெரும்பாலானவை கிரேக்க மொழியிலிருந்து வந்தவை. மூலச்சொல் ஒன்று தெரிந்தால் நாலு வார்த்தை கிடைக்கும்.

முதலில் உச்சரிப்பு. வார்த்தையின் தொடக்கத்தில் எக்ஸ் வந்தால் பெரும்பாலும் 'ஸெட்' எழுத்தின் ஒலிதான், வண்டு ரீங்காரம் மாதிரி. 'எக்ஸ்ரே' விதிவிலக்கு. 1895-ல் ராண்ட்ஜன் அந்தக் கதிரைக் கண்டுபிடித்தபோது அது என்னவென்று புரியாததால், கணக்கில் தெரியாத எண்ணுக்குப் போடுகிற எக்ஸையே பெயராக வைத்துவிட்டார்.

'ஸைலான்' என்றால் மரம். நம் அறிவியல் பாடத்தில் வேரிலிருந்து தண்ணீரை மேலே கொண்டுபோகும் சைலம் அதிலிருந்து வந்ததுதான். மரக்கட்டைகளைக் குச்சியால் தட்டி வாசிக்கும் ஸைலோபோனும் அப்படியே. (கடையில் விற்கும் தகடு வைத்த பொம்மை நிஜ ஸைலோபோன் இல்லையாம். ஏமாந்துட்டோம்!)

'ஸாந்தோஸ்' என்றால் மஞ்சள். இலையில் உள்ள மஞ்சள் நிறமி ஸாந்தோஃபில்.

எனக்கு ரொம்பப் பிடித்தது 'ஸெனோஸ்'. இதற்கு அந்நியர் என்றும் பொருள், விருந்தாளி என்றும் பொருள்! தமிழிலும் 'விருந்து' என்பதற்குப் 'புதுமை' என்ற பழைய பொருள் உண்டு என்று தமிழ் ஐயா சொன்னார். 1898-ல் ராம்சேயும் டிராவர்ஸும் கண்டுபிடித்த புது வாயுவுக்கு 'அந்நியன்' என்ற பொருளில் ஸெனான் என்று பெயர் வைத்தார்கள். வெளியாரைக் கண்டால் பயமோ வெறுப்போ வருவதற்கு ஸெனோஃபோபியா என்று பெயர். படித்ததும் சுருக்கென்றது. போன வருஷம் பாதியில் வேறு மாநிலத்திலிருந்து ஒரு பையன் வந்து சேர்ந்தபோது மூணு நாள் அவன் பெஞ்சில் நாங்க யாருமே உட்காரலை. நானும்தான். (இப்போ அவன் எங்க டீம்.)

கடைசியாக 'ஸீரோஸ்', அதாவது உலர்ந்த. பாலைவனச் செடிகளுக்கு ஸீரோஃபைட். திரவ மை இல்லாமல் உலர்ந்த தூளால் நகல் எடுக்கும் முறையை 1938-ல் செஸ்டர் கார்ல்சன் அமெரிக்காவில் செய்து காட்டினார். அதற்கு 'உலர் எழுத்து' என்ற பொருளில் ஸீரோகிராஃபி என்று பெயர் வந்தது. அதிலிருந்து வந்ததுதான் நம்ம ஜெராக்ஸ்!

ஸ்கூல் எதிரே கடைப் பலகையில் தினமும் பார்க்கிறோம். 'ஜெ' என்று சொல்லிச் சொல்லிப் பழகியதால் அது எக்ஸில் தொடங்குகிறது என்பதே அன்றைக்கு ஞாபகம் வரவில்லை. இன்னும் பாருங்கள், அது முடிவதும் எக்ஸில்தான். சொன்னால் எதிர் டீமுக்கே எக்ஸ் திரும்பிப் போகும்! கம்பெனி பெயர் செல்லாது என்று சண்டைக்கு வருவார்கள். 'நகல் எடு' என்ற வினைச்சொல்லாகச் சின்ன எழுத்திலும் டிக்‌ஷனரியில் இருக்கிறது. பக்கத்தில் அடையாளச் சீட்டு வைத்திருக்கிறேன்.

– 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு