பெற்றோல் அதிகம் செலவாகிறதா? காற்றோட்ட சென்சரைக் கவனியுங்கள்

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. விலையோ எட்டாத உயரத்தில். வாடகைக்கு வாகனம் ஓட்டி வாழும் எமது குடும்பங்களுக்கு, இருக்கும் பழைய வாகனத்தைப் பேணுவதே வழி.

அந்த வாகனங்கள் பலவற்றில் காற்று வடிகட்டிப் பெட்டியை அடுத்து காற்றோட்ட சென்சர் இருக்கும். அதனுள்ளே சூடாக்கப்பட்ட மெல்லிய கம்பி ஒன்று உண்டு. உள்ளே செல்லும் காற்று அதைக் குளிர்விக்கும். சூட்டைத் தக்கவைக்கத் தேவைப்படும் மின்னோட்டத்தைக் கொண்டே காற்றின் அளவு கணிக்கப்படுகிறது. 1 கிராம் பெற்றோல் சரியாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். கம்பியில் புழுதி படிந்தால் இந்தக் கணக்குப் பிழைக்கும். எரிபொருள் வீணாகும், இழுவை குறையும், எஞ்சின் தடுமாறும்.

அடைபட்ட வடிகட்டியும் வெடித்த காற்றுக் குழாயும் இதே அறிகுறிகளைக் காட்டும். முதலில் அவற்றைப் பாருங்கள்.

சுத்தம் செய்வதானால் எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டு, சென்சரைக் கழற்றி, அதற்கென விற்கும் ஸ்பிரேயை மட்டும் அடியுங்கள். பிரேக் கிளீனர், துணி, விரல் எதுவும் படக்கூடாது. முழுதாகக் காய்ந்த பின்பே பூட்டுங்கள்.

பலனில்லையேல் கராஜில் ஸ்கான் செய்யுங்கள். பி0102, பி0103 குறியீடுகள் வந்தாலும் உடனே புதிதை வாங்க வேண்டாம். வயர் அறுந்திருந்தாலும் அவை வரும். வயரைச் சோதித்த பின் மாற்றுவதானால், பழையதிலுள்ள பாக இலக்கத்தையே கேட்டு வாங்குங்கள். கழற்றியதையும் கையோடு வாங்கி வாருங்கள்.