பாசிக்குப் பெயர் சொன்ன நூல்

அருணாசலேசுவரர் கோயிலுக்குள் சிவகங்கைத் தீர்த்தமும் பிரம்ம தீர்த்தமும், வெளியே தீபத் திருவிழாவை அடுத்துத் தெப்பம் காணும் ஐயங்குளமும், கிரிவலப் பாதையில் அஷ்டலிங்கங்களை ஒட்டிய தீர்த்தங்களுமாக நீர்நிலைகள் சூழ்ந்த திருவண்ணாமலையில், தேங்கிய குளத்தில் பச்சை படர்ந்தால் முகம் சுளித்து விலகுவோரே பலர். அப்பசுமையும் ஒரு ஜீவவர்க்கம் என்று கருதி, அதன் பெயரையும் குணத்தையும் விசாரிப்போர் மிகச் சிலர். அச்சிலருக்கு விடை சொல்லும் மகத்தான கிரந்தம் நம் சென்னையிலேயே உருவானது என்பதை இவ்வூர்க் கல்லூரி மாணவர்கள் அவசியம் அறிந்திருக்க வேண்டும்.

சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆராய்ச்சிச்சாலையில் பணியாற்றிய டி. வி. தேசிகாச்சாரி எழுதி, இந்திய விவசாய ஆராய்ச்சிக் கழகம் 1959இல் வெளியிட்ட நீலப்பசும் பாசிகளைப் பற்றிய 'சயனோஃபைட்டா' என்னும் அந்நூல் 686 பக்கங்கள் கொண்டது. குளத்து நீரில் ஒரு சொட்டெடுத்து ஸ்லைடில் இட்டு, கவர்ஸ்லிப்பால் மூடி, மைக்ராஸ்கோப்பின் கீழ் வைக்கும் மாணவன், மணிமாலைபோல் கோத்த செல்களின் இழையொன்றைக் காண்கிறான் என்று வைத்துக்கொள்வோம். இழையின் அகலம் எத்தனை மைக்ரான், அதைச் சுற்றி உறை உண்டா, நைட்ரஜனைக் கிரகிக்கும் தடித்த சுவருடைய செல் இழையின் நுனியில் உள்ளதா, நடுவில் உள்ளதா என்று படிப்படியாக வினவிச் செல்லும் அந்நூலின் திறவுகோல், அவனை இனத்தின் பெயர்வரை கைப்பிடித்து அழைத்துச் சென்றுவிடும். இந்தச் சேவைக்கு ஈடாக நூறு கட்டுரைகளைச் சொல்ல முடியுமா என்பது எனக்குச் சந்தேகமே.

கோயிற்குளங்கள் நம் விஞ்ஞானிகளின் கவனத்தை முன்பே ஈர்த்தவை. 'மைக்ரோசிஸ்டிஸ்' என்னும் நுண்ணுயிர் நிரந்தரமாகப் பெருகிக் கிடந்த ஒரு கோயிற்குளத்தைப் பற்றி எஸ். வி. கணபதி 1940இல் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் சஞ்சிகையில் எழுதினார். வழவழப்பான கூழில் பொதிந்த எண்ணற்ற செல்களாலான திரள் அது. செல்லுக்குள் இருக்கும் வாயு நுண்ணறைகள் அதை நீரின் மேற்பரப்புக்கு ஏற்றிவிடுவதால்தான் குளம் முழுதும் பச்சைச் சாயம் கரைத்தாற்போல் தோன்றுகிறது. இதே வர்க்கத்தின் வேறு சில இனங்கள் நெல்வயலுக்கு நைட்ரஜனை ஈட்டித் தருகின்றன என்பதை பி. கே. டே 1939இல் எடுத்துக்காட்டினார். ஆரணியிலும் செய்யாற்றிலும் நெல் விளைவிப்போருக்கு இது வெறும் புத்தகச் சங்கதியன்று.

இன்று ஓர் ஆராய்ச்சியாளரின் கீர்த்தியை மேற்கோள்களின் எண்ணிக்கையைக் கொண்டு அளக்கிறார்கள். யூஜீன் கார்ஃபீல்டு 1964இல் தொடங்கிய மேற்கோள் அட்டவணையும், 2005இல் ஹிர்ஷ் வகுத்த 'எச்' குறியீடும் பயனற்றவை என்று நான் சொல்லவில்லை. ஆயினும், அவ்வட்டவணை சஞ்சிகைக் கட்டுரைகளையே ஆதாரமாகக் கொண்டு வளர்ந்தமையால், மேஜைமீது விரித்து வைத்துப் பக்கம் கிழியும்வரை புரட்டப்படும் நூலொன்றின் பிரபாவம் அந்த எண்களுக்குள் முழுமையாக அடங்குவதில்லை. நீலப்பசும் பாசிகளென்று கருதப்பட்டவை உண்மையில் பாக்டீரியாக்களே என்று ஸ்டேனியர் முதலானோர் 1970களில் வற்புறுத்த, தாவரவியலாருக்காக எழுதப்பட்ட நூல் நுண்ணுயிரியலாருக்கும் உரியதாயிற்று. பின்னர் கோமாரெக், அனக்னாஸ்டிடிஸ் ஆகியோரின் ஆய்வுகளால் பல இனங்களின் பெயர்கள் மாறின. எனினும், கண்ணால் கண்டு அளந்தெழுதிய வர்ணனைகள் மதிப்பிழக்கவில்லை.

தேசிகாச்சாரியின் குருவான எம். ஓ. பி. ஐயங்காரைச் சொல்லாமல் இவ்வரலாறு பூர்த்தியாகாது. வற்றும் மழைக்குட்டையின் ஈரமண்ணில் தாம் கண்டெடுத்த பாசிக்கு, 1932இல், லண்டன் பேராசிரியர் ஃபிரிட்ஷின் பெயரால் 'ஃபிரிட்ஷியெல்லா' என்று நாமகரணம் செய்தவர் அவர். மண்ணுக்குள் பதிந்த பகுதியும் மேலெழுந்த கிளைகளுமாக அமைந்த அச்சிற்றுயிர், நிலத்தில் தாவரங்கள் எவ்வாறு தோன்றியிருக்கலாம் என்று சிந்திப்போருக்கு இன்றளவும் உதாரணமாக விளங்குகிறது. ஐயங்கார் 1963இல் காலமானார். அவர் ஆயுள் முழுதும் சிரத்தையோடு ஆராய்ந்த 'வால்வோகேல்ஸ்' பாசிகளைப் பற்றிய பெருநூல், பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1981இல், அதே விவசாய ஆராய்ச்சிக் கழகத்தின் வெளியீடாக வந்தபோது, அட்டையில் ஆசிரியரின் பெயர் முதலிலும் மாணவரின் பெயர் இரண்டாவதாகவும் இருந்தன.